நான்கு நாற்பது

ஏழாம் நம்பர் படகின் கியர்கேஸ்
வைஸில் நிமிர்ந்து நிற்கிறது.
நேற்று வடித்த எண்ணெயில்
ஜரிகை உதிர்ந்த மாதிரி மினுக்கம்.

"கியர் போட்டா
உள்ளே யாரோ உதைக்கிற மாதிரி இருக்குது அக்கா"
மூன்று நாளாய்ச் சொன்னார் போஜன்.
அணையில் தண்ணீர் இறங்கிய இரவுக்கு மறுநாள்
மரத்தூர் எதிலோ இடித்திருப்பார் என்று
நானும் மூன்று நாளாய்
பழியை அவர் தலையில் கட்டிவைத்திருந்தேன்.

பைக்காராவில் ஜனவரி.
ஷெட்டின் தகரத்தில் உறைந்த பனி
ஒன்பது மணிக்குத்தான் சொட்டத் தொடங்கும்.
அதுவரை இரும்பு சுருங்கியிருக்கும், கை நடுங்கும்,
அளவெடுக்க ஆகாது.
கேஸைச் சாக்கில் சுற்றி ஹீட்டர் பக்கம் வைத்துவிட்டு
டீ குடித்தேன்.

பிறகு
ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் புல்லரால் இழுத்து இறுக்கி,
மேலே ட்ரைவ் ஷாஃப்டில் ஒரு கை பூட்டி,
அந்தக் கையின் கோட்டில்
டயல் கேஜின் மூக்கை வைத்தேன்.
இரண்டு விரலால்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
டிக்.
டிக்.
பல் ஒரு பல்லை விட்டு
எதிர்ப்பல்லைத் தொடும் தூரம்.
கேட்லாக்கில் அதற்கு பேக்லாஷ் என்று பேர்.
ஷெட்டில் ஆட்டம் என்போம்.

ஆட்டமே இல்லையென்றால்
எண்ணெய் நுழைய இடமிருக்காது,
சூடேறிக் கடித்துக்கொள்ளும்.
மிஞ்சினால், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல் போனால்
எட்டுப் பேரோடு நடு ஏரியில் நிற்க வேண்டியதுதான்.

டயலில் ஒரு கோடு, மில்லிமீட்டரில் நூறில் ஒன்று.
முப்பத்து மூன்றுக்கும் நாற்பத்தெட்டுக்கும் உள்ளே
முள் நிற்க வேண்டும்.
அறுபத்தொன்று.
கால் சுற்று.
அறுபத்து நான்கு.
கால் சுற்று.
அறுபத்தொன்பது.
இன்னொரு கால். அறுபத்தாறு.

மரத்தூரில் இடித்தால் விசிறி நெளியும், ஷாஃப்ட் வளையும்.
இரண்டும் நேராகவே இருக்கின்றன.
இது இடித்து வந்த ஆட்டம் இல்லை.
வைத்த ஆட்டம்.

யாரென்று பார்த்துத் திட்டுவதற்காக
ஆணியில் மாட்டிய அட்டைகளைப் புரட்டினேன்.
ஏழாம் நம்பர். போன மே. மலர்க்காட்சி வாரம்.
40. 40. 40. 40.
கீழே பச்சை மையில்
ச. தவராணி.

தவராணி நான்தான்.

நான்கு இடத்திலும் ஒரே எண் காட்டும் கியரை
எந்தக் கம்பெனியும் இதுவரை வெட்டியதில்லை.
அன்று கேட்டைத் தாண்டி ரோடு வரை கூட்டம்.
மேனேஜர் வாசலில் நின்று
வாட்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.
கைக்கு வந்த ஷிம்மைப் போட்டு மூடினேன்.
புத்தகத்தில் எது நடுவோ
அதை நான்கு முறை எழுதினேன்.
டயல் கேஜ் பெட்டியை விட்டே வரவில்லை.

இன்று யாரும் வாட்சைத் தட்டவில்லை.
கேஸைச் சூடாக்கி
முன்கியர் பேரிங்கின் வெளிவளையத்தை உருவினேன்.
மிட்டாய் டப்பாவில் ஒரு முப்பதும் ஒரு பத்தும் கிடந்தன.
மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து
இரண்டையும் பழைய ஷிம்மோடு சேர்த்தேன்.
பினியனை நோக்கி
கியர் மயிரிழை நகர்ந்தது.
மறுபடி பூட்டு, மறுபடி இழு,
மறுபடி இரண்டு விரல்.

முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
நாற்பத்து மூன்று. நாற்பது.
ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு எண்கள்.
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய அட்டையைக் கிழிக்கவில்லை.
நான்கு நாற்பதையும் ஒரே கோடாய் அடித்து
பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதித்
தேதி போட்டேன்.

போஜன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.
மரத்தூரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"அந்த வாரம் வேற எதை மூடினீங்க அக்கா?"

நான்காம் நம்பர்.

அது தண்ணீரில் இருக்கிறது.
ஒரு குடும்பம்
லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருக்கிறது.
கயிற்றை அவிழ்க்காதே என்று கத்தியபடி
எண்ணெய்க் கையோடு
துறைக்கு ஓடினேன்.